ஊர்க்காரர் மாட்டிய கண்ணாடி

ஹைதராபாத் தார்நாகாவில் ஒரு விஞ்ஞானி வீட்டில் டிரைவராக இருந்தேன். பழைய ஃபியட், இருமி இருமித்தான் கிளம்பும். ஒரு நாள் யாரோ அடித்த பந்தில் அதன் பின்கதவுக் கண்ணாடி நொறுங்கிவிட்டது.

பக்கத்துத் தெரு மெக்கானிக் காசிம் பாய், "கார் கண்ணாடி வர நாலு நாள் ஆகும். அதுக்காக வீட்டு ஜன்னல் கண்ணாடி மட்டும் நக்கோ, வேணாம்" என்றார். எனக்கு அவசரம். நாச்சாரத்தில் பட்டறை வைத்திருந்த முருகேசன் எங்கள் ஆற்காட்டுக்காரர். தீபாவளிக்கு அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவரிடம் போனேன்.

"கார் கண்ணாடியேதாண்ணே. உங்களுக்குப் போய் வேற போடுவேனா?" என்று சாயங்காலமே மாட்டிக் கொடுத்தார்.

மறுவாரம் விஞ்ஞானி வீட்டு அம்மா காரின் பின்கதவைச் சாத்தியபோது கண்ணாடி கத்தி கத்தியாக உடைந்து அவர் கையைக் கிழித்தது. தையல் போட்டார்கள். துண்டைப் பார்த்த காசிம் பாய், "இது வீட்டு ஜன்னல் கண்ணாடி. கார் கண்ணாடின்னா கற்கண்டு மாதிரி உதிரும்" என்றார்.

முருகேசனிடம் போய்க் கேட்டேன். "அவசரம்னு நீங்கதானேண்ணே பறந்தீங்க? நம்ம ஊராச்சேன்னு முடிச்சுக் குடுத்தேன்" என்று சிரித்தார்.

வேலை போகவில்லை. ஆனால் அந்த அம்மா அதன்பிறகு என் வண்டியில் கண்ணயர்ந்ததே இல்லை.

இப்போதெல்லாம் கண்ணாடி மூலையில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறேன். மாட்டுபவர் எந்த ஊர் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.