ஒன்ஸ்மோர்

கைதட்டல் கேட்டால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

சிறுவயதில் பூலாம்பாடியில் அக்காவின் தாவணியைச் சுற்றிக்கொண்டு, எங்கள் தெருப் பெண்களைப் போல நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பேன். அந்தக் கெட்டிக்காரத்தனந்தான் யுத்த காலத்தில் என்னை ஒரு நாடகக் கம்பெனியில் பெண் வேஷக்காரனாக்கியது.

பெரம்பலூரில் எங்கள் கம்பெனி கொட்டகை போட்டபோது அக்காவும் நாடகம் பார்க்க வந்திருந்தாள். அன்று நான் கணவனைப் பறிகொடுத்த ராணி. வலது கையால் தரையைத் தட்டித் தட்டி, மூச்சு நின்றதுபோல் வாயைத் திறந்தபடி இருந்து, பிறகு வீறிட்டேன். "ஒன்ஸ்மோர்!" என்று கொட்டகையே கத்தியது. வழக்கப்படி எழுந்து கும்பிட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து அழுதேன்.

முந்தின வருஷம் அத்தான் இறந்தபோது அக்கா அழுத அழுகை அது.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டுவிட்டு அக்கா சொன்னாள்:

"நல்லாத்தான் நடிச்ச தம்பி. என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. ஆனா நான் ஒரு தடவதான்டா அழுதேன்."

அத்தான் செத்த அன்று வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் அவள் கையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.