அசலூர்க்காரங்களுக்கு ஊடு இல்லீங்க

ஊட்டு புரோக்கர் வேலையில ஊடு கண்டுபுடிக்கறது சுலபமுங்க, "எந்த ஊருங்க?"ங்கற ஒரே கேள்வியத் தாண்டறதுதான் பெரும்பாடு. வாடகைக்கு ஊடு தேடிச் செருப்புத் தேஞ்சவங்களா இருந்தா, உங்களுக்கு இத நான் விளக்கோணுங்களா? பன்னெண்டு வருசமா கோயமுத்தூர்ல ஸ்கூட்டிய எடுத்துட்டு ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் போய் நிக்கறேன். அந்தக் கேள்வி மட்டும் மாறவே இல்லை.

போன மாசம் செல்வம்னு ஒருத்தர் வந்தாரு. பம்புசெட்டுக் கம்பெனியில வேலை, வால்பாறை எஸ்டேட்டுல பொறந்து வளந்தவரு. சம்சாரம் ஜோதிக்கு எட்டாம் மாசம். குடியிருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாது. இனிமே படியே ஏறக்கூடாதுன்னு டாக்டரம்மா கறாரா சொல்லிப்போட்டாங்க. பதினஞ்சு நாளுக்குள்ள தரையோட இருக்கற ஊடு ஒண்ணு வேணும். "அதுக்கென்னங்க, புடிச்சறலாம்"னு சொல்லிப்போட்டேன். என் வாய வெச்சுட்டு நான் சும்மா இருந்திருக்கோணும்.

எல்லை எங்க இருக்குது?

மொதல்ல சிங்காநல்லூர். ஊட்டுக்காரரு மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. செல்வத்த ஒக்கார வெச்சு, மோர் குடுத்து, "தம்பி எந்த ஊருங்க?"ன்னாரு. வால்பாறைன்னதும் மொகம் கொஞ்சம் சுருங்கிப்போச்சு. "அசலூர்க்காரங்களுக்கு விடறதில்லீங்களே"ன்னு இழுத்தாரு.

"வால்பாறை நம்ம கோயமுத்தூர் ஜில்லாதானுங்க"ன்னு நான் பாய்ஞ்சேன். மனுசன் கோவிச்சுக்கவே இல்லை. இன்னொரு டம்ளர் மோர் ஊத்திட்டே சொன்னாரு: "ஜில்லா சரிதானுங்க அம்மணி. ஆனா பஸ்ஸுல ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சும் வந்து சேராத ஊரெல்லாம் அசலூருதானுங்க."

வாழையிலை போட்டு ஒரு "இல்லை"

வடவள்ளியில ஊட்டுக்காரம்மா எங்கள விடவே இல்லை. மத்தியான நேரம், சாப்பிட்டுத்தான் போகோணும்னு இலை போட்டுட்டாங்க. அரிசிம்பருப்பு சோறு, மேல நெய், தொட்டுக்கத் தயிர். செல்வம் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாரு. கெளம்பறப்ப ஜோதிக்குன்னு ஒரு பை நெறையக் கொய்யாப்பழம் வேற. "பாக்கலாங்க, சொல்லி உடறேனுங்க"ன்னு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க.

வெளிய வந்ததும் செல்வம், "அக்கா, கெடச்சிருச்சுல்ல?"ன்னு போன எடுத்து ஜோதிக்கே சொல்லப் போயிட்டாரு. அட பாவி மனுசா! நம்மூர்ல "பாக்கலாங்க"ன்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். திரும்ப உள்ள போய், "இத்தனை பாசமா சோறு போட்டீங்களே, ஊடு குடுத்தா என்னங்க?"ன்னு நேரா கேட்டேன். அந்தம்மா பதறிப்போய் என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "சோறு ஆருக்கு வேணாலும் போடலாமுங்க கண்ணு, ஊடு அப்படிங்களா?"

தானா வந்தவரு

சரவணம்பட்டியில புது ஊடு. ஊட்டுக்காரரு ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டுக் காட்டினாரு. தரைக்கு ராஜஸ்தான் மார்பிள், வாசல் நெலைக்கு பர்மாத் தேக்கு, கதவு காரைக்குடியில இருந்து லாரியில வந்ததாம். வாசல்ல ராஜபாளையத்து நாய் ஒண்ணு, செல்வத்தப் பாத்துக் குலைக்கக்கூட இல்லை, வாலத்தான் ஆட்டுச்சு. நாய் ஒத்துக்கிச்சு. இவரு ஒத்துக்கல. "வெளியூரா? வேண்டாமுங்களே."

எனக்குப் பத்து நாளா அடக்கி வெச்ச கோவம். "இந்த ஊட்டுல உங்களத் தவிர உள்ளூர்ச் சரக்கு என்னங்க இருக்குது?"ன்னு கேட்டே போட்டேன். அவரு ரொம்பப் பொறுமையா, "அதுகள எல்லாம் நாம போய்க் கூட்டிட்டு வந்தமுங்க, இவரு தானா வந்திருக்காரு"ன்னாரு.

எனக்கும் விழுந்துச்சு

பீளமேட்டுல ஒரு பெரியவரு. பரம்பரையா வெவசாயம், இப்ப மகன் ஸ்பேர்பார்ட்ஸ் பட்டறை வெச்சிருக்கறான். அவரு செல்வத்த உட்டுப்போட்டு என்னப் புடிச்சுக்கிட்டாரு. "அம்மணிக்கு எந்த ஊரு?" நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு, "கொடுமுடிங்க"ன்னேன். "அட, ஈரோட்டுப் பக்கமா. அப்ப நீங்களும் அசலூருதானுங்க." பன்னெண்டு வருசம் இந்த ஊருத் தண்ணியக் குடிச்சவ நான்!

அதே நேரத்துல உள்ள அவரு சம்சாரம் தெலுங்குல ஏதோ சத்தம் போட, இவரும் தெலுங்குலயே பதில் சொன்னாரு. எனக்கு அது போதாதா? "நீங்க மட்டும் எங்க இருந்து வந்தீங்களாமா?"ன்னேன். மனுசன் அசரவே இல்லீங்க. "நாங்க வந்தப்ப இங்க ஊரே இல்லீங்க அம்மணி. ஊரே இல்லாத எடத்துக்கு எப்படீங்க அசலூர் ஆவோம்?"

ரோட்டுக்கு வந்து பேக்கரியில டீ சொன்னோம். பதினஞ்சு நாள்ல மூணு நாள்தான் பாக்கி. செல்வத்துக்கு டீ எறங்கல. முந்தின நாளு ஜோதி பாதிப் படியிலயே மூச்சு வாங்கி ஒக்காந்துட்டாளாம். அப்பத்தான் அவரு சொன்னாரு: "தாத்தா ஊரு ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனா மலைக்காரன்ங்கறாங்க, மலையில கெழக்கத்தியான்ங்கறாங்க, இங்க அசலூர்ங்கறாங்க. நான் எந்த ஊர்னு ஆராச்சும் சொன்னாப் போதுங்கக்கா, அங்கயே போய் ஊடு பாத்துக்குவேன்."

குடி வரப்போறது ஆரு?

கடைசி நாளு. கணபதியில மாவு மில்லு வெச்சிருக்கற சரசக்கா ஊடு. மில்லுக்குப் பக்கத்துலயே, ஒரு படிகூட இல்லாத ஊடு. இந்தத் தடவை ஜோதியவும் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். சரசக்கா அவ வயித்தப் பாத்தாங்க. "தலைப்பிரசவமா? அம்மா ஊட்டுக்குப் போகலீங்களா கண்ணு?"

"அம்மா ஊடு வால்பாறை, நாப்பது கொண்டை ஊசி வளைவுங்கக்கா. டாக்டரம்மா மலையேறவே கூடாதுன்னுட்டாங்க. பிரசவம் இங்கதான். அம்மாதான் எறங்கி வரோணும்"னு சொல்றப்பவே ஜோதி அழுதுட்டா. சரசக்கா மாவுக் கையத் தொடைச்சுட்டு, அன்னூர்ல இருக்கற அண்ணனுக்கு போன் போட்டாங்க. புருசன் தவறிப்போனதுல இருந்து அந்த அண்ணனக் கேக்காம அக்கா எதுவும் செய்யறதில்லை. அந்தப் பக்கம் அண்ணன், "ஆளு எந்த ஊரு? அசலூரா இருந்தா வேண்டாம்னு சொல்லிரு"ன்னு கத்தறது எங்களுக்கே கேட்டுச்சு.

சரசக்கா ஜோதிய ஒரு தடவை பாத்தாங்க, அவ வயித்த ஒரு தடவை பாத்தாங்க. சாவிய எடுத்து ஜோதி கையில வெச்சுட்டே போன்ல சொன்னாங்க: "சுத்தமான கோயமுத்தூர்க்காரங்கதாண்ணா, அடுத்த மாசந்தான் பொறக்கறாங்க, அவங்களப் பாத்துக்கறதுக்கு அசலூர்ல இருந்து ரெண்டு பேரு முன்னாலயே வந்திருக்காங்க."

ஆகமொத்தம் கோயமுத்தூர்ல ஊடு வேணும்னா ஆதார் கார்டு, ஆபீஸ் லெட்டர் எதுவும் செல்லாதுங்க. ஊட்டுல ஒருத்தராச்சும் இங்க பொறந்து காட்டோணும்.