அயிலை வலையா, சாளை வலையா? மட்டாஞ்சேரி மீனவர் சங்கத்தோடு இரண்டு நாள்

ஓணக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, போன செப்டம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை கொச்சிக்குப் போனேன். காரணம் மத்தி மீன். கோவை உக்கடம் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர், "கொச்சி லோடுல எல்லாம் பொடியா வருதுங்க, உங்களுக்குப் பிடிக்காது" என்று சில வாரங்களாகக் கையை விரித்துக்கொண்டிருந்தார். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஷாஹிதாவிடம் போனில் புலம்பினேன். "நீ ஒரு கிலோ மீனுக்குப் பொலம்பறே. எனக்கு இவிடெ ஒரு கரையே பொலம்புது. கெளம்பி வா, நேர்ல காட்டறேன்" என்றாள்.

ஷாஹிதாவின் குடும்பம் மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக அரிசி மொத்த வியாபாரம் செய்யும் தமிழ் முஸ்லிம் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் ஓடியே போய்விடுவாள். பி.காம் முடித்தவள் கடைக் கல்லாவில் உட்காருவாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது அதற்குச் செயலாளர். மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறக்காதவள், அதுவும் பெண் என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் அவளுக்குத்தான் போன் போடுகிறார்கள்.

போகும் வழி: கோவையிலிருந்து காலை ரயிலில் ஆலுவா. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு யோகம். நான் பத்தரைக்கு இறங்கினேன். ஆலுவாவில் மெட்ரோ பிடித்து, கலூர் ஸ்டேடியத்தைத் தலைக்கு மேலே இருந்து பார்த்துக்கொண்டே நகருக்குள் போய்விடலாம். ஐம்பது ரூபாய் ஆனது. அங்கிருந்து ஒரு ஆட்டோவில் படகுத்துறை, படகில் மட்டாஞ்சேரி. ஆலுவாவிலிருந்து நேராக டாக்ஸி பிடித்தால் கிட்டத்தட்ட இருபத்தேழு கிலோமீட்டர். பாலங்களில் நெரிசலில் நின்று வெந்துபோவீர்கள். படகுக்குச் சில்லறை போதும், காற்று இலவசம்.

துறையில் ஷாஹிதா நின்றிருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டவள், உடனே என் பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். சுக்கும் மிளகும் மணக்கும் பஜார் தெரு வழியாக அவள் வேகத்துக்கு ஓட வேண்டியிருந்தது. "மூணு மணிக்குச் சங்கத்துல யோகம் உண்டு. சோறு தின்னுட்டு நேரா அங்க போலாம். இன்னைக்கு எனக்கு ஒரு பரீட்சை" என்றாள். யோகம் என்றால் கூட்டம். ஜாதகத்தில் வரும் யோகம் என்று நினைத்து நான் விழித்ததைப் பார்த்து நடுத்தெருவில் நின்று சிரித்தாள்.

சங்கத்தின் அலுவலகம் பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கிறது. உறுப்பினர்கள் எல்லோரும் சின்ன ஃபைபர் வள்ளக்காரர்கள். ஒரு வள்ளத்தில் ஐந்தாறு பேர் விடியும் முன் போய், மதியத்துக்குள் திரும்பிவிடுவார்கள். இவர்கள் போடும் வலையில் ஒரு சங்கதி இருக்கிறது. சாளைக்கு, அதாவது நம் மத்திக்கு, சின்னக் கண்ணி உள்ள வலை. அயிலைக்கு, நம்மில் பலர் கானாங்கெளுத்தி என்று சொல்வதற்கு, கொஞ்சம் பெரிய கண்ணி. அயிலை வலையில் சாளை நுழைந்து போய்விடும். சாளை வலையில் அயிலை முட்டித் திரும்பிவிடும். சின்ன வள்ளத்தில் இரண்டையும் ஏற்ற இடம் கிடையாது. அதனால் நாளைக்குக் கடலில் என்ன இருக்கும், எங்கே இருக்கும் என்பதை இன்றைக்கே யூகித்தாக வேண்டும். தப்பினால் டீசலும் போச்சு, நாளும் போச்சு.

அந்த யூகத்தைத் தனித்தனியாகச் செய்யாமல் சேர்ந்து செய்வதுதான் சங்கத்தின் வேலை. சுவரில் ஒரு பெரிய கடல் வரைபடம். யார் எங்கே எதைப் பிடித்தார்கள் என்று சொல்கிறார்களோ, அங்கே ஷாஹிதா ஒரு வண்ண ஊசி குத்துகிறாள். தெற்கே ஆலப்புழைப் பக்கத்துச் சங்கங்களுக்குப் போன் செய்து, அங்கே எந்த மீன் வந்தது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்கிறாள். அரசாங்கம் அனுப்பும் கடல் வெப்பநிலைத் தகவலைப் பார்க்கிறாள். கூடையில் மீன் விற்கும் லீலா சேச்சி தினமும் மாடியேறி வந்து, வெட்டிய மீனின் வயிற்றில் சினை இருந்ததா என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்றைக்கும் வந்தார். "சாள ஒக்க குஞ்ஞாணு மோளே. பிடிச்சா நமக்குத்தான் நஷ்டம்" என்றார். எல்லாம் குஞ்சு மீன், வளர விட வேண்டும் என்று அர்த்தம்.

யோகத்தில் ஷாஹிதா எழுந்து சொன்னது இதுதான்: கரையோரச் சாளை இந்த வருஷம் தேறாது. தெற்கிலிருந்து வரும் செய்திகளைப் பார்த்தால் அயிலை வடமேற்காக நகர்கிறது. நாளைக்குப் பாதி வள்ளங்களாவது அயிலை வலை ஏற்ற வேண்டும். மீனைக் கண்டவர்கள் உடனே வாட்ஸ்அப் குழுவில் இடத்தைச் சொல்ல வேண்டும்.

அறையில் ஒரு இறுக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னும் அவள் இதையேதான் சொல்லியிருந்தாள். நம்பிப் போனவர்கள் வெறும் வலையோடு திரும்பினார்கள். "இன்னொரு தடவை தப்பாப் போச்சுன்னா, இனி அவனவன் சொந்த புத்திக்குப் போய்க்கலாம்" என்று ஒருவர் மலையாளத்தில் சொல்ல, பலர் தலையாட்டினார்கள். ஷாஹிதா உட்கார்ந்தாள். வரைபடத்தில் வடமேற்குப் பக்கம் மட்டும் ஊசியே இல்லாமல் வெறுமையாகக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"அங்க வழக்கமா யாரும் போறதில்லையா?"

"போறாரு. ஒரே ஒருத்தர். சொல்லமாட்டாரு" என்றாள்.

அந்த ஒருவர் சேவியர். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து இளவயதில் வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கியவர். மற்றவர்களைவிட வெகுதூரம் போகிறவர். சங்கத்தில் உறுப்பினர், ஆனால் யோகத்துக்கு வருவதில்லை, இடத்தையும் சொல்வதில்லை. சாயங்காலம் ஷாஹிதா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

சேவியர் முற்றத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மேரி எங்களைக் கண்டதும் கப்பையும் சாளைக் கறியும் கொண்டுவந்து வைத்தார். கப்பை என்றால் மரவள்ளிக்கிழங்கு. நான் கூச்சப்படாமல் சாப்பிட்டேன். ஷாஹிதா தட்டைத் தொடவில்லை.

"சேவியர் சேட்டா, நாளைக்கு மீனைக் கண்டா இடத்தைச் சொல்லணும்."

"நல்ல கதை பிள்ளே! எனக்க வாலிபம் பூராவும் தேடிக் கண்டுபிடிச்ச இடமாக்கும். அத போன்ல சொல்லிப்போட்டா எனக்க வலைக்கு அங்க எடம் இருக்குமா?"

"அன்னைக்கு என் பேச்சைக் கேட்டு வள்ளங்க போச்சே, அதுக்கு முந்தின நாள் நீங்க அங்கதான் இருந்தீங்க. அயிலை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். இல்லியா?"

அவர் ஊசியை நிறுத்தினார்.

"மீன் இருக்கற இடத்தைச் சொல்ல வேண்டாம், ஷெரி. இல்லாத இடத்தையாவது சொல்லியிருக்கலாமே? எல்லாரும் வெறும் வலையோட வந்தாங்க. அன்னைக்கு ஒரு வீட்ல கொழந்தைக்கு மருந்து வாங்கக் காசில்லாம என்கிட்ட வந்தாங்க சேட்டா. நான் கடல்ல போறதில்ல. நீங்க பறயறதுதான் எனக்குக் கண்ணு."

சேவியர் மறுபடி வலையைத் தைக்கத் தொடங்கினார். கடைசியில், "சாப்பிடு பிள்ளே, கறி ஆறுது" என்று மட்டும் சொன்னார். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஷாஹிதா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். விடுதியில் தேர்வு முடிவுக்கு முந்தின நாள் இப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் கரைக்குப் போனோம். வள்ளங்கள் ஏற்கனவே போயிருந்தன. பாதிப் பேர்கூட அயிலை வலை ஏற்றவில்லை என்று லீலா சேச்சி சொன்னார். பெட்டிக்கடையில் சாயா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். குழுவில் ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. கரையோரம் சாளை, பொடி. தெற்கே ஒன்றுமில்லை. மேற்கே ஒன்றுமில்லை. ஷாஹிதாவின் சாயா ஆறி ஆடை கட்டியது.

அப்புறம் ஒரு குரல் பதிவு. என்ஜின் இரைச்சலுக்கு நடுவே சேவியர் கத்திக்கொண்டிருந்தார். பாதி தமிழ், பாதி மலையாளம். கப்பல் போகும் சாலுக்கு வடக்கே, எத்தனை பாகம் ஆழம் (ஒரு பாகம் என்றால் ஏறக்குறைய ஆறடி), கரையில் எந்தக் கோபுரம் எந்தத் திசையில் தெரியும் என்று எல்லாம் சொன்னார். முடிவில், "அயில கெடக்கு, நெறைய கெடக்கு. அயில வல உள்ளவன் ஒக்க வாங்கடே. சீக்கிரம்!"

ஷாஹிதா அதை மூன்று தடவை கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லீலா சேச்சி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மதியத்துக்கு முன் வள்ளங்கள் திரும்பத் தொடங்கின. எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சாளை வலை ஏற்றியவர்கள் பொடி மீனோடும், வாடிய முகத்தோடும் வந்தார்கள். அயிலை வலைக்காரர்களின் வள்ளங்கள் தாழ்ந்து வந்தன. நீலமும் பச்சையுமாக முதுகு மின்னும் கொழுத்த மீன்கள். சேவியரின் வள்ளம் கடைசியாக வந்தது. மற்றவர்களைவிட அதில் மீன் குறைவு.

"கண்டியா, நான் சொன்னது நடந்து போச்சு. எல்லாவனும் வந்து சுத்தி வலையப் போட்டானுவ" என்று கரையிறங்கும்போதே சத்தம் போட்டார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. அவரிடம் பேசாமலே இருந்த ஆட்கள் வந்து அவர் வலையைத் தூக்கிக் கரையேற்றினார்கள். ஷாஹிதா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் ஒரு கோர்வை அயிலையை அவள் கையில் திணித்தார். "கோயம்புத்தூர்க்காரிக்குப் பொரிச்சுக் குடு. நல்லாத் தின்னுது."

பொரித்தோம். மத்திக்காகப் போன நான் மத்தியை மறந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மழை முடிந்த செப்டம்பர் கடைசியிலிருந்து நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்; பெரும்பாலான வள்ளங்கள் கரையில்தான் இருக்கும். காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் கரைக்குப் போனால் மீன் இறங்குவதைப் பார்க்கலாம். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள், கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். ஈரத்தில் வழுக்காத செருப்பு அவசியம். மீன் வாங்கினால் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டித் தருவார்கள், கோவை வரை தாங்கும். கரையில் யாராவது சாயா வாங்கிக் கொடுத்தால் மறுக்காதீர்கள். அரை மணி நேரம் கூட உட்கார்ந்தால், கடலைப் பற்றி எந்த வழிகாட்டியும் சொல்லாததை அவர்களே சொல்வார்கள்.

கடல் சூடாகிறது, மீன் இடம் மாறுகிறது என்று நாம் செய்தியில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த ஊரில் அது தினமும் சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. போனும் வரைபடமும் உதவுகின்றன. ஆனால் ஒருவர் தனக்குத் தெரிந்ததை மற்றவரிடம் சொல்ல மனம் வர வேண்டும். ஷாஹிதா அந்த மனதைத்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்று மாலை ரயில் திருச்சூரைத் தாண்டும்போது அவளிடமிருந்து போன். பின்னால் ஒரே இரைச்சல், யோகம் நடந்துகொண்டிருந்தது. "சேவியர் சேட்டன் வந்திருக்காரு" என்று கிசுகிசுத்தாள். "முன் வரிசையில உக்காந்துட்டு, நாளைக்கு எந்த வலை ஏத்தணும், சீக்கிரம் சொல்லுன்னு என்னை வெரட்டறாரு. நான் அப்புறம் விளிக்கறேன்டீ."