சூடு ஆறாத பதில்

பந்தயக் கார்களுக்கு டர்போ பொருத்துவதுதான் அந்த மெக்கானிக்கின் பிழைப்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை ஊதும் அந்த டர்போ சோம்பிவிடும். மறுபடி மிதித்தால் சோம்பல் முறித்து எழ நேரமாகும். அதனால், டர்போவுக்கு முன்னால் உள்ள புகைக்குழாயிலேயே கொஞ்சம் பெட்ரோலை எரியவிட்டு, அது ஓயாமல் சுழலும்படி செய்துவிடுவார். குழாய் படபடவென வெடிக்கும், சீக்கிரம் பாழாகும். ஆனால் மிதித்த நொடியே கார் சீறும்.

“ஊர்க் கார்களுக்கெல்லாம் செஞ்சவன் என் வாய்க்குச் செஞ்சுக்கலையே” என்று தன்னையே நொந்துகொள்வார். மனைவி ஒரு கேள்வி கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார். நல்ல பதில் மூன்றாம் நாள்தான் வரும்.

அன்று அவசரத்துக்கு அவளுடைய புதுக் குண்டானைப் பட்டறைக்கு எடுத்துப்போய், அதில் இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டார். இந்த முறை தோற்பதாக இல்லை. நாள் முழுக்கப் பதிலை முணுமுணுத்து, சூடு ஆறாமல் வைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் அவள், “ஏங்க…” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், சீறினார்.

“ஆயில் வடிக்க வேற பாத்திரம் இல்ல. தேய்ச்சுக் கழுவினா போயிடும். ஒரு குண்டானுக்கு இவ்வளவு பேச்சா?”

“செருப்பெல்லாம் சேறு, வெளியவே விட்டுட்டு வாங்கன்னு சொல்ல வந்தேன்,” என்றாள் அவள். “எந்தக் குண்டான்?”