புண் மூடிய அன்று

போன வருடம், மழை பிடித்துக்கொண்ட நேரம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்.

எனக்கு வலது முழங்காலில் செயற்கை மூட்டு வைத்ததிலிருந்தே அதில் கிருமி தங்கிவிட்டது. முட்டிக்குக் கீழே சின்னதாய் ஒரு துளை. அதில் எந்நேரமும் நீர் கசியும். அந்த மூட்டை எடுத்துவிட்டால் கால் மடங்காமல் போய்விடும். அதனால் மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டுக் கிருமியை அடக்கி வைப்பது என்று மதுரை டாக்டர் முடிவு செய்திருந்தார். அவருக்கு நான் ஒரு தலைவலி. விளங்கும்வரை கேள்வி கேட்காமல் எழுந்து வர மாட்டேன்.

அக்கா வீட்டில் ஒரு நாள் காலையில் புண்ணின் கட்டைப் பிரித்தால் துளை மூடிக் காய்ந்திருந்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சாமி கண்ணத் தொறந்துருச்சுடி! இனி எதுக்கு அந்த மாத்திரை?" என்று மாவிளக்குக்கு அரிசி ஊறவைக்கப் போய்விட்டாள்.

எனக்கோ காய்ச்சல் வருவதுபோல் குளிரெடுத்தது. இரண்டு முட்டியிலும் கை வைத்துப் பார்த்தேன். வலது மட்டும் சுட்டது. கசிவு நின்று காய்ச்சல் வந்தால் சீழ் உள்ளே தேங்குகிறது, உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்கு மனப்பாடம்.

"அக்கா, இது ஆறல. உள்ள தேங்கி நிக்குது. நான் இப்பவே கீழ போறேன்."

"மழ இந்த ஊத்து ஊத்துது. நாளைக்கு வெரசாக் கெளம்புவமே தாயி," என்றார் அக்கா வீட்டுக்காரர்.

நான் பிடிவாதக்காரி. பையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி நின்றுவிட்டேன். வேறு வழியில்லாமல், தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை அவர் கூப்பிட்டு வந்தார். வளைவுக்கு வளைவு அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் என் காலை மடியில் வைத்துப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை.

மதுரையில் அன்றைக்கே மூட்டைத் திறந்து கழுவினார்கள். உள்ளே நிறைய சீழ்.

"தள்ளிப்போட்டிருந்தா ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். காலக் காப்பாத்துனது நான் இல்லம்மா, நீங்கதான்," என்றார் டாக்டர்.

அடக்கமாக மறுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஆமா சார்," என்றேன். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கிருமி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்கு இதே காலில்தான் நடந்து போகிறேன். "இன்னும் குணமாகலையா?" என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். குணமான காலில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். குணமாகாத காலைப் பார்த்துப் பார்த்து நடத்திக் கொண்டுபோகிறேனே, அது என் கெட்டிக்காரத்தனம் என்று இன்றைக்கும் மார்தட்டிக்கொள்கிறேன்.