பங்களாவுக்குப் போய்த் திரும்பிய வாழ்த்து அட்டை

என் கோப்பில் முதல் தாளாக இருப்பது 1973 டிசம்பர் 28 எனத் தேதியிட்ட ஒரு கடிதம். அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு 1974 ஜனவரி 10ஆந் தேதி பதுளைக்கு வரும்படி அக்காவை அது அழைக்கிறது. கடைசி வரி: “பிரஜாவுரிமைப் பத்திரத்தின் மூலப்பிரதியைக் கொண்டுவரத் தவறுவோர் பரிசீலிக்கப்படமாட்டார்கள்.” அந்த வரியின் கீழே பென்சிலால் கோடிட்டவர் அப்பா. அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அந்தக் கோட்டின் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது.

அக்கா 1950இல் பதுளைப் பக்கம் தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். நான் மூன்று ஆண்டுகள் இளையவள். அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டார். அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. சாதாரண தரப் பரீட்சையில் தேறிய பின் அக்கா வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். பதில் வராத அந்த ஆண்டுகளில்தான் நத்தார் (கிறிஸ்மஸ்) வாழ்த்து அட்டைகள் செய்யத் தொடங்கினார்.

நாங்கள் சைவர்கள். ஆனால் இறக்குமதி நின்றுபோய்க் கடைகளில் வெளிநாட்டு அட்டைகள் கிடைக்காத காலம் அது. பதுளையில் ஒரு முஸ்லிம் கடை முதலாளி, அக்கா மாதிரிக்குச் செய்து காட்டிய இரண்டு அட்டைகளைப் பார்த்துவிட்டு, இருக்கிற வண்ணத்தாளையெல்லாம் அவரிடமே கொடுத்தார். மற்றதெல்லாம் தோட்டத்தில் கிடைத்தவை. ஓடைக்கரையில் வளரும் பன்னம் என்ற பெரணிச் செடியின் இலையைத் தாளின் மேல் வைத்து, பழைய பல் தூரிகையை மையில் தோய்த்துத் தெறித்தால், இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளில் வெட்டி எஞ்சிய துண்டுகளைத் தேயிலை ஆலையின் டீமேக்கரிடம் கேட்டு வாங்கி நட்சத்திரம் செய்வோம். கோதுமை மா கிடைக்காததால் மரவள்ளிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை நீல மயில்துத்தம் போடுவார். வெட்டுவது நான், ஒட்டுவது அக்கா. முதலாவது ஆண்டு அவர் செய்த ஆட்டுக்குட்டிகளைப் பார்த்த முதலாளி, “புள்ள, இது ஹஜ்ஜுப் பெருநாளுக்குத்தான் சரி” என்று சொன்னதை அக்கா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார்.

1973 டிசம்பரில் தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களாவுக்குப் பெரிய அட்டை ஒன்று செய்யச் சொன்னார் அப்பா. மடிக்காமல் நிமிர்ந்து நிற்கிற அட்டை. அதற்கு முதுகு கெட்டியாக இருக்க வேண்டும். டிரங்குப் பெட்டியின் அடியில், தொழிலாளர் வரவு பதியும் பழைய செக்ரோல் புத்தகத்தின் மேலட்டை கிடந்தது. எடுத்துக் கொடுத்தவள் நான். அக்கா மூலைகளைக் கத்தரித்து, இருபுறமும் வெள்ளைத்தாள் ஒட்டி, நடுவில் பெரிய நட்சத்திரம் வைத்தார். நாங்கள் செய்தவற்றில் அதுவே அழகானது.

நேர்முகக் கடிதம் ஜனவரி 5, சனிக்கிழமை பகல் தபாலில் வந்தது. அப்பா வாசித்தார், கோடு போட்டார், சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். பிறகு பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.

“அந்தச் செக்ரோல் அட்ட எங்கம்மா?”

“பங்களாக் கார்டுக்கு முதுகா வச்சிட்டேன்ப்பா” என்றார் அக்கா.

அப்பா கடிதத்தை மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அதுக்குள்ளதாம்மா நம்ம மூணு பேரும் இருக்கோம்.”

அப்பாவின் பெயரும் அதன்கீழ் எங்கள் இருவரின் பெயர்களும் உள்ள பிரஜாவுரிமைப் பத்திரத்தை, லயத்து வீட்டுக் கூரை ஒழுக்குக்கும் கறையானுக்கும் பயந்து, அந்த மேலட்டைக்கும் அதன் உள்தாளுக்கும் நடுவே வைத்து ஓரங்களை ஒட்டியிருந்தார் அவர். யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்து மக்கள் விண்ணப்பித்துப் பதிந்தே பிரஜாவுரிமை பெற வேண்டியிருந்த அந்தக் காலத்தில் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் பிரதி கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்ததை எல்லாரும் கண்டிருக்கிறோம். எங்களுக்கு இருந்தது ஐந்து நாள். அப்பா எங்களைத் திட்டவில்லை. துரைக்குக் கொடுத்த பரிசைத் துரையிடமே திருப்பிக் கேட்பது எப்படி என்பதுதான் அவருக்கு ஓடவில்லை. முப்பது வருஷம் துரைமார் முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர் அவர். காலையில் தானே போய்க் கேட்பதாகச் சொல்லிவிட்டார் அக்கா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 6. பங்களாக்களில் நத்தார் அலங்காரங்களைக் கழற்றிவிடும் நாள் அது. இது எங்களுக்குத் தெரியாது. மேட்டில் ஏறும்போதே பங்களாவின் பின்பக்கம் புகை தெரிந்தது. அக்கா ஓடத் தொடங்கினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

குசினி வாசலுக்குப் பின்னால் அந்தோனி அண்ணன், பங்களாவில் சமைக்கும் அப்பு, கூடையிலிருந்த அட்டைகளைக் கைப்பிடியாக எடுத்து நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, நத்தார் முடிஞ்சி போச்சி. இப்பவா வாழ்த்துச் சொல்ல வர்றீங்க?”

அக்கா கூடைக்குள் கைவிட்டுத் தேடத் தொடங்கினார். பெரிய அட்டை, நட்சத்திரம் வைத்தது, எங்கே என்று நான்தான் கேட்டேன்.

“அதுவா? தொர வீட்டம்மா எல்லாத்தையும் எரிக்கத்தான் சொன்னாங்க. அது நல்ல கெட்டி. அடுப்பு விசிற வச்சிக்கிட்டேன்.”

குசினி அடுப்பின் பக்கத்தில் அது சாய்ந்திருந்தது. நட்சத்திரத்தின் ஒரு முனை போயிருந்தது, விளிம்பெல்லாம் கரி. அக்கா அதை மார்போடு சேர்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைக் கேட்ட அண்ணன் சிரிக்கவில்லை. கேத்தலை அடுப்பில் ஏற்றி, ஆவி வந்ததும், “கிழங்குப் பசதானே, எளகிரும். இழுக்காதீங்க, அதுவா வரட்டும்” என்றார். கடையில் வாங்கிய கோந்தாக இருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு. முதலில் எங்கள் வெள்ளைத்தாள் கழன்றது, பிறகு அப்பா ஒட்டிய உள்தாள். பத்திரம் முழுதாக வெளியே வந்தது. ஒரு மூலையை அக்காவின் கத்தரிக்கோல் தின்றிருந்தது. ஆனால் பெயர்கள், இலக்கம், முத்திரை, எல்லாம் இருந்தன.

“இனி நா எதால விசிறுறது?” என்றார் அந்தோனி அண்ணன். அப்போதுதான் அக்கா சிரித்தார். அடுத்த வாரமே அவருக்கு இரண்டு பனையோலை விசிறிகள் போய்ச் சேர்ந்தன.

கீழே இறங்கி வந்து பத்திரத்தைக் கொடுத்ததும் அப்பா அதைப் படிக்கவில்லை. தடவிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போடச் சொன்னார். அந்தத் தேநீரின் நிம்மதி எங்கள் வீட்டில் அதன்பின் பல காலம் இருந்தது.

நேர்முகத் தேர்வில் ஓர் அதிகாரி பத்திரத்திலிருந்த நீலப் புள்ளியைச் சுட்டிக் கேட்டிருக்கிறார். மயில்துத்தம் என்று தொடங்கி நடந்ததை அக்கா முழுதாகச் சொல்லியிருக்கிறார். இனிமேல் கவனமாக வைத்துக்கொள்ளும்படி சொல்லி அவர் திருப்பிக் கொடுத்தாராம். ஹாலிஎலைக்கு அருகே ஒரு பாடசாலையில் நியமனம் கிடைத்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கற்பித்தார். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைத் தகர டப்பியில் போட்டுவைக்கும்படி ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்வார். ஏன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் கொடுத்த அட்டை அது என்பதையும் அவர் ஒரு நாளும் எடுத்துச் சொன்னதில்லை.

கடைசி ஆண்டில் மூச்சுத் திணறல் அவரை மிகவும் வாட்டியது. பிரிந்த காலையில் மூச்சு எளிதாக இருந்தது. அதுவே எங்களுக்கு ஆறுதல். பதுளை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், இறுதிக் கிரியைகளை முன்நின்று நடத்திய அயலவருக்கும், அன்று வந்து எங்களோடு இருந்த அந்தோனி அண்ணனின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தேதி ஒன்று மட்டும் தீரவில்லை. அக்கா பணியேற்றது 1974 மார்ச் 4, திங்கட்கிழமை என்கிறது அவருடைய பணிக்கோப்பு. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே போய் மூன்றாம் வகுப்பில் நின்றதாக அக்கா சொல்வார். “ரெண்டு நாள் பொறுத்தா யாராச்சும் மனச மாத்திக்கிட்டாங்கன்னா?” என்பது அவர் சொன்ன காரணம். அந்த வாரத்துப் பாடசாலைக் குறிப்பேடு கிடைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நினைவிருப்பதாகச் சொல்லும் ஒரே மாணவருக்கு அப்போது எட்டு வயது. ஆகவே இம்மலரில் மார்ச் 4 என்றே அச்சிட்டிருக்கிறேன். மார்ச் 1 இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.