மின்னக் கூடாத அணுக்கள்

போன மாதம் இதே பக்கத்தில் பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருந்தேன் – என் மனைவி ஸ்டெல்லாவுக்கு நான்தான் கிட்னி கொடுக்கப் போகிறேன் என்று. எத்தனை பாராட்டுக் கடிதங்கள்! இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதிய நாளிலிருந்தே எனக்கு ஆபரேஷனை நினைத்தால் பயம்தான்.

ஸ்டெல்லா காசிமேட்டில் மீன் விற்பவள். ஒன்றரை வருடமாக டயாலிசிஸ். எங்கள் இருவருக்கும் ஒரே பிளட் குரூப். அது போதும் என்று நினைத்து, சொந்தக்காரர்களிடம் ஆபரேஷன் மாதத்தையே சொல்லிவிட்டேன். டாக்டர்தான் "கிராஸ்மேட்ச் பாக்கணும்" என்றார்.

புதன்கிழமை ரிசல்ட் வாங்கப் போனோம். லேபில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். என் வெள்ளை அணுக்களை ஸ்டெல்லாவின் சீரத்தில், அதாவது அவள் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில், கலந்து வைப்பார்களாம். என் அணுக்களின் மேலே இருக்கும் புரதங்களை அவளுடைய ஆன்டிபாடி பிடித்துக்கொள்கிறதா? அதைக் காட்டிக்கொடுக்க ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்களாம். பிறகு லேசர் வெளிச்சத்தில் ஒவ்வொரு அணுவாக ஓடவிடும் மெஷின்... பிடித்திருந்தால் அணு மின்னும். மின்னினால் கிட்னி ஆகாது.

"நல்லாவே மின்னுதும்மா," என்றார் அந்தப் பெண். "உங்களுக்கு எத்தனை பசங்க?"

"மூணு," என்றாள் ஸ்டெல்லா.

"அதான். புள்ளை வயித்துல இருக்கும்போது அப்பாவோட புரதமும் உங்களுக்குள்ள வருது இல்லையா? அப்பவே உடம்பு அதுக்கு எதிர்ப்பு உண்டாக்கிடும். இப்ப சாரோட கிட்னியை வெச்சா ஏத்துக்காது."

இருபது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவனை உடம்பு இப்படியா ஞாபகம் வைத்திருக்கும்?

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. 'ஆகாது' என்று கேட்ட நொடியில்... அப்பாடா என்றிருந்தது எனக்கு. கத்தி இல்லை, தையல் இல்லை – தப்பித்தேன்!

செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் எத்தனை நாளானது என்று சொல்லிவிடுபவள் அவள். என் முகத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆட்டோவில் வீடு திரும்பினோம். ராயபுரம் வந்ததும் சொன்னாள்:

"இன்னாய்யா, இப்பத்தான் மூஞ்சில ரத்தமே ஓடுது. பயமா கீதுன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் இன்னா கடிச்சா துன்னப் போறேன்?"

"அதெல்லாம் இல்ல ஸ்டெல்லா..."

"சும்மா கெட. எனக்கு மட்டும் பயம் இல்லியா? உன்ன வுட்டா வேற யாரு கீறா, சொல்லு."

பிள்ளைகளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை; கிட்னி கொடுக்கப் பாக்கி இருப்பது அவள் தம்பி ஒருவன்தான். வருகிற செவ்வாய் ரத்தம் கொடுக்கிறான். அவனுடைய அணுக்களும் மின்னிவிட்டால்? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

கத்தி எனக்கில்லை என்றான பிறகுதான் நிஜமான பயமே வந்திருக்கிறது.